வேறொரு ஈயின் முட்டைகள்

என் தங்கை ஈ வளர்க்கிறாள். எவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னாலும் கேட்பவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள் என்பதால் நேராகவே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓசூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு கம்பெனியைச் சொல்வார்கள். கீழ் வீட்டுக்காரர் லாரி ஆலையில் ஷிப்ட் பார்க்கிறார். எதிர் வீட்டுப் பெண் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனிக்குப் போகிறாள். தங்கை மட்டும் காலையில் பஸ் பிடித்து, ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புகிறாள்.

"நாங்க விரட்டுறத நீ கூப்பிட்டு வெச்சு சோறு போடுற கண்ணு," என்பார் கீழ் வீட்டுக்காரர்.

"உங்களுக்கும் ஒரு குழாய் கொண்டாரட்டுங்களா அண்ணா? சத்தம் போடாது, கரண்ட் பில் வராது," என்பாள் தங்கை.

வாழைப்பழத் தோலை மூலையில் மறந்து வைத்தால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, கடுகளவு ஈ, அதுதான். பழ ஈ. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில், அடியில் உறைந்த ரவைக் கூழ், மேலே பஞ்சு அடைப்பு, நடுவில் ஒரு குடும்பம். அவளுடைய ஆய்வுக்கூட அறையில் இப்படி நூற்றுக்கணக்கில் அடுக்கியிருப்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். புளித்த மாவின் வாசனை அடித்தது.

அவள் ஆராய்வது பெண் ஈக்களின் மலட்டுத்தன்மையை. ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால் பெண் ஈயின் சினைப்பையில் முட்டை முதிர்வதே இல்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று அந்த மரபணு ஒவ்வொரு ஈயிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றிவிடும். இரண்டும் கெட்டால் அந்த ஈ முட்டை போடாது. ஆணுக்கு இதனால் ஒன்றும் இல்லை. இரண்டும் கெட்ட அண்ணன் தம்பிகள் குறையின்றிக் குடும்பம் நடத்துவார்கள். "அங்கயும் அதே கதைதான்," என்று தங்கை சொல்வாள்.

மலட்டு ஈயைக் கண்ணால் பார்த்து எப்படி அறிவது? அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. நல்ல பிரதியோடு இறக்கையைச் சுருட்டிவிடும் ஓர் அடையாளத்தையும் சேர்த்தே பிணைத்து வைத்திருப்பார்கள். சுருட்டை இறக்கை என்றால் உள்ளே ஒரு நல்ல பிரதி இருக்கிறது, முட்டை போடும். நேர் இறக்கை என்றால் இரண்டும் பழுது, போடாது. அந்தக் குழாய்களுக்குள் இதுதான் சட்டம். குழாய்க்கு வெளியே உலகத்தில் பறக்கும் சாதாரண ஈ எல்லாவற்றுக்கும் நேர் இறக்கைதான். தங்கை இதையும் சொல்லியிருந்தாள். எனக்கு அது தேவையில்லாத விவரமாகப் பட்டது.

வேறெங்காவது ஒரு மரபணு மாறி, இந்தப் பழுதைச் சரிக்கட்டிவிட முடியுமா? நேர் இறக்கைக்காரி ஒருத்தியாவது முட்டை போடுவாளா? அவள் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒருத்தியை. கிடைத்தால் ஆய்வேடு முடியும். கெடுவை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்திருந்தார்கள்.

என் வேலை ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களைத் திருத்துவது. கிருஷ்ணகிரியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் நிருபர்கள் அனுப்புவதை வீட்டிலிருந்தே வெட்டிச் சீராக்குகிறேன். கணவர் குவைத்தில், மகன் சேலத்தில் விடுதியில், வீட்டில் நானும் தங்கையும்தான். வெட்டுவதற்கு நேரமும் அமைதியும் எனக்கு உண்டு. முதலில் வெட்டுவது 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'இருக்கலாம்' ஆகியவற்றை. உறுதியாகத் தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் எழுதாதே என்று புதிய நிருபர்களிடம் சொல்வேன். அவர்கள் உறுதி செய்துகொள்வதற்குப் பதிலாக அந்தச் சொற்களை மட்டும் விட்டுவிடப் பழகிக்கொண்டார்கள். பக்கம் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

எங்கள் அப்பாவுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. ஆனி பிறந்ததும் வைக்கோல் பரப்பிய ஒரு மரப்பெட்டி நிறைய செந்தூரா பஸ்ஸில் ஏறி ஓசூர் வந்து இறங்கியது. கூடவே போன்.

"அவ ஆபீஸ்ல பெரியவருக்கு ஒரு பெட்டி. கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது இல்ல, தானா பழுத்ததுன்னு சொல்லு."

தங்கை பெட்டியைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சி இல்லை. "அக்கா, ஈ ரூமுக்குள்ள பழம் கொண்டு போகக் கூடாது. சாப்பாட்டு டப்பால வாழைப்பழம் இருந்தாக்கூட வெளிய வெச்சுட்டுத்தான் போகணும்."

"ரூமுக்குள்ள யாரு கொண்டு போகச் சொன்னா? ஆபீஸ்ல குடு."

"வேணாம்க்கா."

"கிருஷ்ணகிரிக்காரி மாம்பழ சீசன்ல வெறுங்கையோட போனா என்ன நினைப்பாங்க? அப்பாவுக்கு நான் என்ன சொல்றது?"

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஆனி மாதத்தில் மாம்பழம் இல்லாமல் ஒரு வீட்டுப் படி ஏறுவதும் செருப்போடு ஏறுவதும் ஒன்று. பெட்டியை நானே பஸ் நிலையம் வரை தூக்கிப் போய் அவள் காலடியில் வைத்தேன். கன்னட நடத்துநர் குனிந்து முகர்ந்தார். "மாவின ஹண்ணா? நமகில்வா?" மாம்பழமா, எங்களுக்கு இல்லையா என்கிறார். தங்கை சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பெட்டியோடு சண்டையை நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் திருப்தி.

பழத்தை அங்கே எல்லோரும் வராந்தாவில் நின்று தின்றிருக்கிறார்கள். தோலும் கொட்டையும் வராந்தாக் குப்பைக்கூடையில். அடுத்து வந்தது விடுமுறை. கூடையை யாரும் எடுக்கவில்லை. கூடைக்கும் ஈ அறைக்கும் நடுவில் ஒரு கதவு.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை தங்கை செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அக்கா. நேர் இறக்கை முட்டை போட்டிருக்கு."

"என்னது?"

"ஒரு குழாய்ல. நேர் இறக்கை மட்டும்தான் போட்டிருந்தேன். கூழ்ல புழு நெளியுது."

"கிடைச்சிருச்சா?"

"இருக்கலாம். இருக்கலாம்க்கா. இன்னும் பார்க்கணும்." முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் 'இருக்கலாம்' என்று அந்த மாலைக்குள் பலமுறை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

அந்தப் புழுக்கள் ஈயாகின. அவற்றின் மகள்களும் முட்டை போட்டன. பேத்திகளும் போட்டன. அவளுடைய பேராசிரியை அந்த வம்சத்துக்குத் தனியாக ஒரு தட்டு ஒதுக்கினார். எங்கே என்ன மாறியது என்று தேடும் வேலை தொடங்கியது.

ஆவணியில் காவேரிப்பட்டினத்தில் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. தங்கை வரவில்லை. ஈக்களைக் குழாய் மாற்றும் நாள். பந்தி முடிந்து, சாமியானாவுக்கு அடியில் பெண்கள் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டோம். வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் பேச்சு தங்கையிடம் வந்துவிட்டது.

"சின்னவளுக்கு முப்பது தாண்டிருச்சே. இன்னும் ஈ மேய்ச்சுக்கிட்டு இருக்காளா?"

"மாடு மேய்ச்சாலும் பாலாவது வரும்," என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்திருக்கலாம். ஆனால் கோபம் வந்தது.

"சிரிங்க. அவ என்ன கண்டுபிடிச்சிருக்கான்னு தெரியுமா? பொறக்கும்போதே முட்டை இல்லாத ஈ. மலடு. அது இப்ப முட்டை போடுது. சொந்த முட்டை. குஞ்சும் பொரிச்சிருச்சு."

வட்டம் அமைதியானது. நல்ல தலைப்புக்கு இப்படித்தான் அமைதியாவார்கள். ஒரு அடைமொழி இல்லை, ஒரு 'இருக்கலாம்' இல்லை. நான் வெட்டியதிலேயே சுத்தமான செய்தி அது.

கை கழுவும் இடத்தில் என் பின்னால் ஒருத்தி வந்து நின்றாள். சித்தி மகனின் மனைவி. சித்தி குடும்பம் அஞ்செட்டிப் பக்கம், காட்டை ஒட்டிய ஊரில் ராகியும் மாடும் வைத்துப் பிழைக்கிறது. திருமணமாகி ஏழெட்டு வருடம், பிள்ளை இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவள் முறைக்கு நான் அண்ணி.

சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினாள். "அண்ணி, ஈக்கு வந்தது மனுசங்களுக்கும் வருமா?"

"வரும். எல்லாத்தையும் முதல்ல ஈயிலதான் பார்ப்பாங்க. அப்புறம்தான் நமக்கு."

"எத்தனை நாள் ஆகும்?"

யாரோ போட்டோவுக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "சீக்கிரம் வந்துரும்," என்றேன்.

அவள் மீதித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

புரட்டாசி முடியும் சமயம். தங்கை வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் தயிர் சோறு. பிசைந்தாள், சாப்பிடவில்லை.

"அது நேர் இறக்கைக்காரியே இல்லைக்கா."

"நேர் இறக்கைதானே?"

"நேர் இறக்கைதான். ஆனா நம்மளோடது இல்ல. வெளிய இருந்து வந்தது." டிஎன்ஏ பார்த்த இடத்திலிருந்து முடிவு வந்திருந்தது. அந்த வம்சத்து ஈக்களிடம் பழுதான பிரதி ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் இருந்து சரியானதற்கான தடயமும் இல்லை. எங்கிருந்தோ பறந்து வந்த சாதாரணப் பெண் ஈ ஒன்று, ஈக்களை ஒரு புட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தட்டி மாற்றும் நொடியில் உள்ளே நுழைந்திருக்கிறது. ஏற்கெனவே இணை சேர்ந்து வந்த ஈ. ஒருமுறை சேர்ந்தால் பல நாளுக்கு முட்டை போடும். பார்க்க மலட்டு ஈயைப் போலவே இருந்ததால் தங்கை அதைத் தூரிகையால் தள்ளி மலட்டு ஈக்களோடு சேர்த்தாள்.

"முன்னாடியே பார்த்திருக்க முடியாதா?" என்றேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்று உறைத்தது.

"பார்த்திருக்கணும். புதுசா என்ன மாறியிருக்குன்னே தேடிக்கிட்டு இருந்தேன். பழசு அங்கயே இருக்கான்னு பார்க்கலை."

"எங்கிருந்து வந்திருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள். உன் பெட்டியிலிருந்துதான் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். குப்பைக்கூடைக் கதையை நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அதிலும் அவள் "இருக்கலாம்" என்றுதான் முடித்தாள். வராந்தாவில் வேறு குப்பையும் இருந்திருக்கும், ஈ வேறு வழியாகவும் வந்திருக்கும் என்றாள். என்னைக் காப்பாற்ற அவள் பயன்படுத்திய சொல் அது.

மறுநாள் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். யாரும் திட்டவில்லையாம். பேராசிரியை, "எங்க எல்லாருக்கும் ஒரு தடவை நடந்திருக்கு," என்றாராம். மாலையில் அந்தத் தட்டு முழுவதையும் சோப்புத் தண்ணீரில் தட்டி, புட்டிகளைக் கொதிக்க வைத்து, அறையைத் துடைத்துவிட்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து. கெடுவை இன்னொரு முறை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம்.

அந்த வாரம் அப்பா போன் செய்தார். "ஆனில பெட்டி போச்சே, பழம் நல்லா இருந்துச்சுன்னாங்களா? பெரியவர் ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லா இருந்துச்சாம்ப்பா."

"அடுத்த வருசம் ரெண்டு பெட்டியா அனுப்பிடுறேன்."

சரி என்றேன். தங்கை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள்.

அஞ்செட்டிக்காரியின் நினைவு அந்த வாரமே வந்தது. சொம்பும் தண்ணீரும் அவள் கேட்ட கேள்வியும். போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? அவள் ஏதோ போகிற போக்கில் கேட்டாள், இந்நேரம் மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்திருக்க மாட்டாள் என்பதும் தெரியும். பத்திரிகையில் திருத்தம் போடுவதைத் தள்ளிப்போடும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லையே என்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து நின்றாள். விடிவதற்கு முன் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு துணிப்பை, அதில் எங்களுக்கு ராகி மாவு. கணவனிடம் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

காபி குடித்து முடிக்கும் வரை ஊர்க் கதை பேசினாள். யானை வந்து ராகிக் காட்டை மிதித்துவிட்டது, மாடு கன்று போட்டது. பிறகு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அண்ணி, அந்த ஈ மருந்து வந்துருச்சா?"

தங்கை உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எந்த மருந்து என்று அவளுக்குத் தெரியாது. நான் காதுகுத்தில் பேசியதை அவளிடம் சொல்லவே இல்லை.

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய முட்டைகள் வயதுக்கு முன்பே தீர்ந்துவிட்டன, வேறொரு பெண்ணின் முட்டையை எடுத்து, கணவனின் அணுவோடு சேர்த்து, அவள் வயிற்றிலேயே வைத்து வளர்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சித்தி ஒப்பவில்லை. எவளோ ஒருத்தி ரத்தம் என்றாளாம். கணவன் அரை மனதாக ஒப்பி, போக நாளும் குறித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் காதுகுத்து.

"நீங்க சொன்னதும் எனக்கு உசிரு வந்துச்சு அண்ணி. இன்னும் கொஞ்சம் பொறுத்தா சொந்த முட்டையே வரும்னு வீட்ல சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. அத்தை அன்னைக்குத்தான் என் கையால சோறு வாங்கித் தின்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வரலன்னு போன் பண்ணிச் சொல்லிட்டோம்." நிறுத்தினாள். "தள்ளிப் போடாதீங்க, கர்ப்பப்பையும் வயசும் காத்திருக்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. அதான் நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு."

தங்கை வந்து என் அருகில் உட்கார்ந்தாள். என்னைக் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை. அவள்தான் பேசினாள். சுருட்டை இறக்கை, நேர் இறக்கை, மாம்பழத் தோல், கதவு. 'மரபணு' என்ற சொல்லே இல்லாமல் சொன்னாள். ராகி விதையில் வேறு விதை கலந்துபோன கதையைப் போல இருந்தது. வந்தவள் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள்.

"அப்ப முட்டை போட்டது மலட்டு ஈ இல்ல."

"இல்லைங்க."

"வேற ஈ."

"ஆமா."

"பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?"

"ஒரே மாதிரிதான் இருக்கும். நானே ஏமாந்துட்டேன்."

அவள் காலி டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அந்தக் குஞ்சுங்கெல்லாம்?"

"சோப்புத் தண்ணில போட்டாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

"பாவம்," என்றாள். "அதுங்க என்ன பண்ணுச்சு?"

தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். முகம் கழுவும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். தவறாகச் சொல்லிவிட்டேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று என்னென்னவோ. அவள் நடுவில் நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? இதையும் வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா, நான் கதை கட்டுறேன்னுதான் அத்தை சொல்லுவாங்க. அடுத்தவ முட்டைக்கு அலையிறான்னு சொல்லுவாங்க."

"இன்னைக்கா?"

"ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

அன்றைய பக்கங்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு கிளம்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. 'சரியாகப் புரிந்துகொள்ளப்படாததால்' என்று ஒன்று. அதை இன்னொருவர் எழுதி அனுப்பியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் சன்னலோர இருக்கையில் தூங்கிப்போயிருந்தாள்.

சித்தி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "ஜவுளிக்குப் போனவ அக்காளயே எடுத்துக்கிட்டு வந்திருக்கா," என்றாள். சித்தி மகன், எனக்குத் தம்பி முறை, மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தான். அவன் பெரியப்பாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஊரில் ஆள் சேர நேரமாகாது.

நின்றுகொண்டே சொன்னேன். காதுகுத்தில் நான் சொன்னது தவறு. மலட்டு ஈ முட்டை போடவில்லை, அது வேறு ஈ. அப்படி ஒரு மருந்து இல்லை, வரப்போகிறது என்று யாரும் சொல்லவும் இல்லை, நான்தான் சொன்னேன். இவளிடமும் நான்தான் சொன்னேன். இவள் ஒன்றும் கட்டிச் சொல்லவில்லை.

இதைச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. காதுகுத்தில் சொன்னதைவிட ஒன்றிரண்டு வாக்கியங்கள் கூடுதல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள்.

சித்தி முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் கண்ணு, படிச்சவ நீ. பேப்பர்ல வேலை பார்க்குற. அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. நாளைக்கு இதுவும் மாறுமா?"

தம்பி மனைவி இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று தெரிந்தது. மாறாது என்று ஒரு சொல். அதைச் சொன்னால் சித்தியின் வாய் அடையும், இவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் தங்கையும் அவளைப் போன்றவர்களும் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். என்றைக்காவது மாறலாம். மாறலாம் என்று சொன்னால் இவள் மறுபடி காத்திருக்க வேண்டும். அந்த முற்றத்தில் இரண்டு சொல்லையும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

"எனக்குத் தெரியாது சித்தி," என்றேன். "ஈயைப் பத்தியும் தெரியாது, வயித்தைப் பத்தியும் தெரியாது. தெரியாமத்தான் அன்னைக்குப் பேசினேன். இவ விசயத்துல தெரிஞ்சவங்க அந்த டாக்டரம்மாதான். அவங்க காத்திருக்காதேன்னு சொல்லியிருக்காங்க."

'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியம் என் பக்கங்களில் ஒருமுறைகூட அச்சானதில்லை.

"ஈ கதைய நம்பி ரெண்டு மாசம் போச்சு," என்றாள் சித்தி பொதுவாக. யாரைத் திட்டுகிறாள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "எவளோ ஒருத்தி முட்டைன்னா புள்ளை யாரு சாடையில இருக்கும்?"

"உன் சாடையில இருந்துட்டா என்னம்மா பண்றது, அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றான் தம்பி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி புடைத்த ராகியில் ஒரு பிடி அள்ளி அவன்மேல் எறிந்தாள். அவன் சிரிக்கவில்லை. மனைவியிடம், "அந்த நம்பர் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டான். அவள் இருக்கிறது என்று தலையாட்டினாள்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சித்தி ஒரு பை நிறைய நாட்டுக் கொய்யாவைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். வேண்டாம் என்றேன்.

"வெறுங்கையோட போவியா? நல்லா இருக்கே," என்றாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. மரியாதை வேறு, கோபம் வேறு. வாங்கிக்கொண்டேன். தேன்கனிக்கோட்டை வருவதற்குள் பழுத்த வாசனை பஸ் முழுக்க அடித்தது. பையின் வாயைச் சுருட்டி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஓசூரில் இறங்கியதும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பூக்கட்டும் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் மறுபடி முதலிலிருந்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். போகும் நாளைச் சொன்னாள். குரல் இயல்பாக இருந்தது. கிருஷ்ணகிரி எனக்குப் பக்கம்தான், துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணி," என்றாள். "அங்க பத்துப் பேரு உக்காந்திருப்பாங்க. யாராச்சும் ஏதாச்சும் கேட்பாங்க. நீங்க எதையாச்சும் சொல்லிடுவீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லை," என்றேன். பிறகு, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன்.